மேடான இடம்

இரவு இரண்டு பத்துக்கு
எங்கள் லைன் வீட்டின் ஒன்பது போன்களும்
ஒரே குரலில் அலறின,
சத்தம் அணைத்து வைத்தவையும் சேர்த்து.
மூன்று வருடமாக என்னோடு இருக்கும்
கண்ணாடி உடைந்த போன்
தனக்குள் இப்படியொரு தொண்டை இருப்பதை
அன்றுதான் காட்டியது.

ஏரிக்கரை உடைந்துவிட்டது.
உடனடியாக மேடான இடத்துக்குச் செல்லவும்.

எந்த ஏரி என்று போடவில்லை.
மூக்கனேரி என்றார் ஷபீர் அண்ணன், ஆட்டோவை உதைத்தபடி.
பனமரத்துப்பட்டி என்றாள் சௌடம்மா.
அதில் தண்ணீர் இருக்கிறதா என்று
கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

அம்மாப்பேட்டைக்குத் தெரிந்த மேடு குமரகிரிதான்.
ஓடினோம்.
பட்டறை மாதையன் முதலாளியின் கொலுசுகளைக்
குக்கரில் போட்டு இடுப்பில் வைத்திருந்தான்.
ஓட ஓட, குக்கருக்குள் யாரோ நடந்து வந்தார்கள்.
சௌடம்மா மாவுச் சட்டியோடு.
எட்டாவது படிக்கும் கவின்
வெள்ளத்திலிருந்து காப்பாற்ற
தன் இரண்டு மீன்களைத் தூக்கி வந்தான்.

நான் மகளை. இடது தோளில்.
வலது கையில் சாவி.

பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் பார்த்தோம்,
கீழே குமரகிரி ஏரி
அசையாமல் கிடந்தது,
கரையோர விளக்கொன்று அதில் நீளமாய் விழுந்திருக்க.
ஏரி உடைந்ததென்று
ஏரியை நோக்கியே ஓடி வந்திருக்கிறோம்.
அப்போது யாரும் சிரிக்கவில்லை.
வடக்கே சேர்வராயன் மலை
இருட்டுக்கும் பின்னால் இன்னொரு இருட்டாக நின்றது.
அந்தப் பக்கமிருந்து இரைச்சல் கேட்கிறது என்றார் ஒருவர்.
உடனே எல்லோருக்கும் கேட்டது.
எனக்கும் கேட்டது, சத்தியமாக.

"அர்த்தனாரி எங்கே?"
சௌடம்மாதான் கேட்டாள்.
பின்னாடி வர்றாருங்க என்றேன்.
நாக்கு தானாகச் சொன்னது,
கை தானாகப் பூட்டியதைப் போல.

பதினோரு நாளாகப் பேச்சில்லை எங்களுக்குள்.
அவர் உள் அறையில், மின்விசிறி இரைச்சலுக்கு அடியில்.
மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.
கொண்டியைப் போட்டு,
பூட்டு விழுந்ததா என்று
இருமுறை இழுத்துப் பார்த்த கை
எதை மறந்தது என்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாற்பத்தேழுக்கு மறுபடி அலறியது.
முந்தைய செய்தி தவறுதலாக அனுப்பப்பட்டது.
பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்.

அடைந்த பதற்றத்தை எங்கே திருப்பிக் கொடுப்பது?
சிலர் அனுப்பியவனை வாழ்த்தினார்கள்,
எழுத முடியாத தமிழில்.
மாதையன் குக்கரைத் திறந்து ஜோடி ஜோடியாக எண்ணினான்.
தண்ணி வராதுன்னா மீனை எதுக்குத் தூக்கினேன் என்றான் கவின்.
வெள்ளம் வந்தால் மீனுக்கு என்னடா கஷ்டம் என்று
ஷபீர் அண்ணன் கேட்டபிறகு
படி முழுக்கச் சிரிப்பு உருண்டு இறங்கியது.
நான் அதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.
தூங்கிப்போன மகள் கனத்தாள்.

பூட்டைத் திறந்தேன்.
விளக்கு எரிந்தது.
என் தையல் மெஷின், இரும்புக் காலோடு,
கட்டில் மேல் நின்றது.
அதன்மேல் நான் வெட்டி வைத்த நைட்டித் துணிகள், வரிசை கலையாமல்.
பரணில் அரிசி டின்.
ரேஷன் கார்டும் மகளின் ஆதாரும்
பால் கவரில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால்.
அவர் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்,
பனியன் முழுக்க வேர்வை.
"தப்பான மெசேஜாம்" என்றார்.
"ஆமாங்க" என்றேன்.
கதவைத் தட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மீண்டும் அலறியது.
மாதிரிச் செய்தி என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள்.
லைன் வீட்டில் ஒருவரும் புரண்டுகூடப் படுக்கவில்லை.
மாதையனின் குறட்டை சுவர் தாண்டி வந்தது.
நிஜமாகவே வரும்போதும் இப்படித்தான் கிடப்போம் போல.
இருட்டில் அவர் எழுந்து உட்கார்வது தெரிந்தது.
நானும் உட்கார்ந்தேன்.
"சாவி எங்க வெச்சிருக்க?" என்றார்.